முதலில் கத்தி, பிறகு கட்டு

மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிற அந்தக் கால் சிகிச்சை மையத்தின் வாசலில், 'செருப்பைக் கழற்றாமல் உள்ளே வரவும்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் குவித்துவிட்டு வெறுங்காலோடு நுழைந்தே பழகியவர்கள் நாம். பலகையைப் படித்த பிறகும் பெரியவர்கள் சிலர் கழற்றத்தான் செய்கிறார்கள். வாட்ச்மேன் அவர்களைத் திருப்பி அனுப்பி மாட்டச் சொல்கிறார். சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதத்துக்குத் தரையில் கிடக்கும் ஒரு குண்டூசி போதும். ஏறியது தெரியாமலேயே ஒரு வாரம் நடப்பார்கள்.

நான் பார்க்க வந்தது கட்டு மாற்றும் அறையை. ஆறாத புண்களில் பாக்டீரியா படலமாகக் குடியேறிவிடுகிறது, அதைக் கட்டுப்படுத்தவென்றே புதுப்புது டிரெஸ்ஸிங் வந்திருக்கிறது, ஒரு துண்டே பல நூறு ரூபாய் என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்தேன். எது என்ன செய்கிறது என்று நேரில் பார்த்துவிடலாம் என்ற எண்ணம். மையத்தை நடத்தும் அறுவை சிகிச்சை நிபுணர், நோயாளிகளிடம் சம்மதம் கேட்டுவிட்டு, எனக்கு ஒரு மூலையில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். "தலை சுத்துனா உடனே சொல்லிருங்க. போன மாசம் ஒரு மெடிக்கல் ரெப் இதே இடத்துல கீழ விழுந்து, அவருக்கு நாங்க தையல் போடுற மாதிரி ஆயிருச்சு," என்றார்.

முதலில் வந்தவர் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். வலது கால் கட்டைவிரலுக்கு நேர் கீழே, பாதத்தின் அடியில் புண். ஏழு மாதமாக ஆறவில்லை. வேறோர் இடத்தில் தினமும் கட்டு மாற்றியிருக்கிறார்கள், மூன்று முறை ஆன்டிபயாடிக் மாற்றியிருக்கிறார்கள். சர்க்கரை அளவு இப்போது பரவாயில்லை. ரத்த ஓட்டமும் டாப்ளரில் சரியாகவே இருக்கிறது. அப்படியும் புண் அப்படியே நிற்கிறது.

சிஸ்டர் ரோலர் பேண்டேஜைப் பிரித்தார். அடியில் இருந்த காஸ் துணி புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. வெடுக்கென்று இழுத்திருந்தால் ஒரு நொடியில் வந்திருக்கும், அதோடு புதிதாக முளைத்த சதையும் வந்திருக்கும். சலைனை ஊற்றி நனைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். ஊறிய துணி தானாக நழுவியது. நடுவில் இளம்பச்சைக் கறை. சிஸ்டர் மாஸ்க்கை லேசாக விலக்கி ஒருமுறை மூச்சை இழுத்தார். "சூடோமோனாஸ், டாக்டர்." அந்தப் பாக்டீரியாவுக்குத் திராட்சை அழுகியது போன்ற ஒரு தித்திப்பு வாடையாம். எனக்கு வெறும் நாற்றமாகத்தான் தெரிந்தது. லேப் முடிவுக்குக் காத்திருக்காமல் மூக்கை மட்டும் நம்பி மருந்து எழுதுவதில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் சிஸ்டரின் மூக்கு தப்புவது அபூர்வமாம்.

பெரியவருக்கு ஒரு குறை இருந்தது. "அங்க மருந்து ஊத்துனா பால் பொங்குற மாதிரி பொங்கும்மா. இங்க ஒண்ணுமே பொங்க மாட்டேங்குதே."

அவர் சொன்னது ஹைட்ரஜன் பெராக்சைடை. பொங்குவதைப் பார்த்தால் கிருமி சாகிறது என்று நமக்கு ஒரு நிம்மதி. பொங்குவதற்குக் காரணம் நம் ரத்தத்திலும் திசுக்களிலும் இருக்கிற கேட்டலேஸ் என்ற நொதி, அந்தத் திரவத்தை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பது. புண்ணில் அடிக்கடி காணப்படும் ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவிடமும் அதே நொதி இருக்கிறது, தன்னைக் காத்துக்கொள்ள. நுரையில் அடிபடுவது பெரும்பாலும் புதுச்சதைதான். டாக்டர் இதை விளக்கிச் சொல்லவில்லை. "பொங்குறது நம்ம காசு, பெரியவரே," என்று மட்டும் சொன்னார். அவர் சிரித்துவிட்டார்.

புண்ணை சலைனால் கழுவியபின், பாலிஹெக்ஸனைடும் பீட்டைனும் கலந்த திரவத்தில் நனைத்த காஸை அதன் மேல் வைத்தார் சிஸ்டர். செல்போனில் பதினைந்து நிமிடத்துக்கு அலாரம். பாலிஹெக்ஸனைடு கிருமிநாசினி, பீட்டைன் சோப்பு போல அழுக்கை இளக்குவது. "இது ஊறட்டும், அதுக்குள்ள டீ குடிச்சிருவோம்," என்று டாக்டர் எழுந்தார். அந்தக் கால் மணி நேரத்தில்தான் எனக்குப் பாடம் நடந்தது.

பாக்டீரியா என்றதும் திரவத்தில் தனித்தனியாக மிதந்து திரியும் புள்ளிகளைத்தான் நினைக்கிறோம். பள்ளியில் அப்படித்தான் படம் போட்டுக் காட்டினார்கள். இயற்கையில் அவை அப்படித் தனியாக அலைவது குறைவு. ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடித்தனம் நடத்துகின்றன. சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், செத்த பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. எல்லாம் சேர்ந்த பசை அது. தண்ணீர்க் குடத்தின் உட்புறம் விரலை வைத்தால் வழுக்குகிறதே, அது இதுதான். காலையில் பல்லில் நாக்கை ஓட்டினால் தட்டுப்படுகிற படிவும் இதுதான். 1680களில் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் ஆன்டனி வான் லீவன்ஹுக் தன் பல்லிலிருந்து சுரண்டிய வெள்ளைப் படிவைத் தானே செய்த உருப்பெருக்கியில் பார்த்து, லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். ஆனால் நோய்க்கும் இந்தப் படலத்துக்கும் உள்ள உறவு மருத்துவத்தின் மண்டையில் ஏறுவதற்கு மேலும் முந்நூறு வருடம் ஆனது. கனடாக்காரரான வில்லியம் காஸ்டர்டன் 1978இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் பயோஃபிலிம் என்ற பேச்சே பரவலாகக் கிளம்பியது.

புண்ணுக்குள் இது இருப்பது உறுதியானது அதற்கும் பிந்தி. காஸ்டர்டன் தலைமையேற்று நடத்திய மொன்டானா மாநிலப் பல்கலைக்கழக பயோஃபிலிம் மையத்திலிருந்து 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆறாத புண்கள் 50லிருந்து திசு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். 30இல் படலம் இருந்தது. புதிதாகப் பட்ட காயங்கள் 16ஐப் பார்த்தார்கள். ஒன்றே ஒன்றில்தான் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளையெல்லாம் 2017இல் தொகுத்துப் பார்த்தபோது ஆறாத புண்களில் ஏறத்தாழ 78 சதவீதம் என்று கணக்கு வந்தது.

"மாத்திரை எதுக்கு வேலை செய்ய மாட்டேங்குதுன்னு கேப்பீங்க," என்றார் டாக்டர். கேட்கத்தான் நினைத்தேன். ஆன்டிபயாடிக்குகளில் பல, வளர்ந்து பெருகிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவைத்தான் பிடிக்கும். படலத்தின் உள்ளடுக்கில் ஆக்சிஜனும் சத்தும் குறைவு; அங்கே இருப்பவை பாதித் தூக்கத்தில் கிடக்கின்றன. மருந்து வந்து போகும்வரை படுத்திருந்துவிட்டுப் பிறகு எழுந்து பெருகுகின்றன. மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தளவைப்போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு வைத்தால்தான் இவை மசியும். அவ்வளவு மருந்தை மனிதனுக்குக் கொடுக்க முடியாது.

நம் உடம்பும் சும்மா இருப்பதில்லை. வெள்ளணுக்கள் படலத்தைச் சூழ்ந்துகொள்கின்றன. கட்டியாக இருப்பதால் விழுங்க முடியவில்லை. விழுங்க முடியாத ஆத்திரத்தில் நொதிகளைக் கொட்டுகின்றன. அந்த நொதிகள் அரிப்பது பக்கத்தில் இருக்கும் நம் சொந்தச் சதையை. அரிக்க அரிக்க நீர் வடிகிறது. வடிகிற நீரில் உள்ள புரதம் படலத்துக்கே தீனியாகிறது. ஏழு மாதம் ஒரு புண் இருந்த இடத்திலேயே நிற்பதன் ரகசியத்தில் பாதி இந்தச் சுழலில் இருக்கிறது. மீதிப் பாதி அந்தக் காலின் மேல் நின்று நடக்கிற அறுபத்தைந்து கிலோ எடையில்.

அலாரம் அடித்தது. உள்ளே போனோம்.

இனி நடந்ததைப் பலவீனமான மனம் உள்ளவர்கள் கொஞ்சம் வேகமாகப் படிக்கலாம். புண்ணின் ஓரத்தில் காய்ப்பு வெள்ளைத் தேங்காய்ச் சில்லுபோலத் தடித்திருந்தது. டாக்டர் பிளேடைச் சாய்த்துப் பிடித்து அதைச் சீவினார். சீவச் சீவ, வெளியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு தெரிந்த புண் உள்ளே இன்னும் அகலமாக விரிந்திருப்பது தெரிந்தது. காய்ப்பு மூடி போட்டு மறைத்திருந்திருக்கிறது. பிறகு க்யூரெட் என்கிற சிறு வளையக் கரண்டியால் அடித்தளத்தைச் சுரண்டினார். மஞ்சளாக, பிசுபிசுவென்று வந்தது. "இதுதான் பயோஃபிலிமா?" என்றேன். இல்லையாம். கண்ணுக்குத் தெரிவது செத்த திசுவும் ஃபைப்ரினும் செத்த வெள்ளணுக்களும். படலத்துத் திட்டுகள் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டருக்குள் அடங்குபவை, வெறுங்கண்ணால் பிடிபடாது. மஞ்சள் இருந்தால் படலம் இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். செக்கச்செவேல் என்று இருக்கிற புண்ணிலும் அது ஒளிந்திருக்கலாம். அதுவும் எல்லாம் மேல்மட்டத்தில் இருப்பதில்லை. டென்மார்க்கில் செய்த ஓர் ஆய்வில், ஸ்டஃபிலோகாக்கஸ் மேலாகவும் சூடோமோனாஸ் அதைவிட ஆழத்திலும் குடியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பஞ்சுக் குச்சியால் மேலாகத் தடவி லேபுக்கு அனுப்பினால் ஆழத்தில் இருப்பது தப்பிவிடுவது அதனால்தான். இங்கே புண்ணைக் கழுவிச் சுரண்டிய பிறகே மாதிரி எடுக்கிறார்கள். முடிந்தால் ஒரு துணுக்குத் திசு. இல்லாவிட்டால் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் குச்சியை ஐந்து நொடி அழுத்தித் திருகி, உள்ளிருந்து கசியும் நீரைப் பிடிக்கிறார்கள்.

ரத்தம் துளிர்க்கும்வரை சுரண்டினார். பெரியவர் கூரையில் ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு பேரன் பள்ளிக்கூடக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மரத்துப்போன கால், ஊசிகூடப் போடவில்லை. மொட்டையான உலோகக் கம்பி ஒன்றைப் புண்ணுக்குள் மெல்ல விட்டு, எலும்பில் தட்டுகிறதா என்று பார்த்தார்கள். தட்டவில்லை. தட்டியிருந்தால் இந்தக் கட்டுரையில் டிரெஸ்ஸிங் பற்றிப் பேச ஒன்றும் இருந்திருக்காது; எலும்பில் சீழ் என்றால் அது வேறு வைத்தியம்.

பிறகு அறை விளக்கை அணைத்தார்கள். கையடக்கமான ஒரு கருவியை, ஊதா ஒளி வீசுவது, புண்ணுக்கு நேராகப் பிடித்தார் சிஸ்டர். திரையில் புண்ணின் ஓரம் ஓரிடத்தில் சிவப்பாகவும் மற்றோரிடத்தில் நீலப்பச்சையாகவும் மின்னியது. பல பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பார்ஃபிரின் இந்த ஒளியில் சிவக்கும். சூடோமோனாஸின் நிறமி நீலப்பச்சையாகத் தெரியும். சிஸ்டர் பெருமையாக ஒரு பார்வை பார்த்தார், தன் மூக்கு சொன்னது சரிதானே என்று. சென்னை நிறுவனம் ஒன்றும் இந்த வகைக் கருவியைச் செய்கிறது. கிருமி அடர்த்தியாக எங்கே இருக்கிறது என்று இது காட்டும். படலமா, மிதப்பதா என்று பிரித்துச் சொல்லாது. சிவப்பு மின்னிய ஓரத்தை டாக்டர் மறுபடி சுரண்டினார். அது எனக்குப் பிடித்தது. கருவி வாங்கியதை விளம்பரம் செய்கிற இடங்கள் உண்டு. அதன் பேச்சைக் கேட்டுக் கத்தியை மீண்டும் கையில் எடுக்கிற இடம் வேறு.

இப்போதுதான் அலமாரியைத் திறந்தார்கள்.

மேல்தட்டில் வெள்ளி. வெள்ளி அயனி பாக்டீரியாவின் சுவரையும் நொதிகளையும் டி.என்.ஏ.வையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. ஒரு வகை, எஃகு நிறத்தில் பளபளக்கிற மெல்லிய வலை. நுண்துகள் வெள்ளியைப் படிய வைத்தது. இதை நனைக்கச் சலைனை எடுக்கப்போன பயிற்சி நர்ஸின் கையைச் சிஸ்டர் தட்டிவிட்டார். உப்புநீரில் இருக்கும் குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து கரையாத வெள்ளிக் குளோரைடாக மாறிவிடும். கிருமியைத் தேடிப் போக வேண்டிய அயனி அங்கேயே முடங்கிவிடும். சுத்திகரித்த வெறும் நீரில்தான் நனைக்க வேண்டும். எத்தனை இடங்களில் சலைனில் நனைத்து, விலை உயர்ந்த வெள்ளியைப் பாதி வீணாக்கிப் புண்ணில் வைக்கிறார்களோ.

இன்னொரு வெள்ளித் துணி, பார்க்கப் பஞ்சுப் பாய்போல இருக்கும். புண்ணின் நீரைக் குடித்ததும் ஜெல்லியாக மாறிவிடும். படலத்தைக் குறிவைத்தே வடிவமைத்த சரக்கு இது. வெள்ளியோடு ஈ.டி.டி.ஏ.வும் பென்செதோனியம் குளோரைடும் சேர்த்திருக்கிறார்கள். பசையை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் போன்ற அயனிகளை ஈ.டி.டி.ஏ. பிடுங்கிக்கொள்கிறது. பென்செதோனியம் சோப்புபோல இளக்குகிறது. கட்டுக் குலைந்து வெளியே வருபவற்றை வெள்ளி பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு.

அடுத்த தட்டில் பழுப்பு நிறக் களிம்பு. கேடெக்ஸோமர் அயோடின். மாவுச்சத்தில் செய்த நுண்மணிகளுக்குள் 0.9 சதவீத அயோடின். மணிகள் நீரை உறிஞ்சி உப்பும்போது அயோடின் சிறுகச் சிறுகக் கசிகிறது. வழக்கமான பெட்டாடினை ஊற்றினால் சீழும் ரத்தமும் அதைச் சீக்கிரம் செயலிழக்கச் செய்துவிடும். இது நாள்கணக்கில் நிற்கும். தீர்ந்துவிட்டதா என்று யாரையும் கேட்க வேண்டாம், பழுப்பு வெளுத்து மஞ்சள் சாம்பலாகிவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். சிட்னியில் நடந்த 2017 ஆய்வு ஒன்றில், படலம் இருப்பதாக உறுதியான சர்க்கரைப் புண்காரர்கள் 17 பேருக்கு இதைப் போட்டார்கள். 11 பேருக்குக் கிருமிச்சுமை பத்திலிருந்து நூறு மடங்குவரை குறைந்தது. மனிதக் காலில், நிஜப் புண்ணில் கிடைத்த முடிவு என்பதால் டாக்டருக்கு இதன்மேல் ஒரு தனிப் பிரியம் தெரிந்தது. தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. "தைராய்டு இருக்காய்யா?" என்று சிஸ்டர் அந்த அறையில் எல்லாரிடமும் கேட்பது இதற்காகத்தான்.

பச்சை நிறத்தில் ஒரு வலைத்துணி. இதில் மருந்தே கிடையாது. நீரை வெறுக்கும் கொழுப்பு அமில வகைப் பூச்சு. பல பாக்டீரியாக்களின் வெளிப்பரப்பும் நீரை வெறுப்பது. இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கட்டை எடுக்கும்போது கிருமியும் துணியோடு போய்விடும். கொல்லாததால் எதிர்ப்புச் சக்தி வளர்கிற பயமும் குறைவு. ஒரு நிபந்தனை: துணி புண்ணின் தரையைத் தொட வேண்டும், நடுவில் ஆயின்மென்ட் தடவக் கூடாது. தடவினால் பச்சைத் துணி வெறும் துணி.

தேனும் இருந்தது, டியூபில். வீட்டுத் தேனை ஊற்றலாமா என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்களாம். அடுப்படித் தேனில் கிளாஸ்ட்ரிடியம் வித்துகள் இருக்கலாம். மருத்துவத் தேனைக் காமா கதிரில் வைத்து அவற்றை அழித்திருப்பார்கள். மஞ்சள்தூள், காபித்தூள், சுண்ணாம்பு வைத்துக்கொண்டு வருபவர்கள் கதை நிறையச் சொன்னார்கள். அதற்குள் போக வேண்டாம்.

பெரியவருக்குக் கேடெக்ஸோமர் அயோடின் முடிவானது. நீர் அதிகம் வடிகிற புண், தைராய்டு இல்லை. களிம்பை மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குப் பரப்பி, மேலே உறிஞ்சும் திண்டு வைத்துக் கட்டினார் சிஸ்டர். தினமும் பிரிக்க வேண்டாம், மூன்றாம் நாள் வாருங்கள் என்றார்கள். "தெனம் கட்டு மாத்தாம எப்பிடி?" என்று அவருக்குச் சந்தேகம். காத்தாட விட்டால் புண் காயும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஜார்ஜ் வின்டர் என்ற பிரிட்டன் விஞ்ஞானி 1962இலேயே பன்றிகளின் தோலில் காட்டிவிட்டார், ஈரம் காத்து மூடி வைத்த காயத்தில் புதுத்தோல் வேகமாக மூடுகிறது என்று. அறுபது வருடம் தாண்டியும் நம் பக்கத்துக்கு அது முழுதாக வந்து சேரவில்லை.

நான் கேட்க நினைத்த பெரிய கேள்வி வேறு. இவ்வளவு வகை இருக்கிறதே, எது சிறந்தது?

டாக்டர் கொஞ்சம் சலிப்போடு பார்த்தார். எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள்போல. "நீங்க இப்போ பாத்த ஒரு மணி நேரத்துல, டிரெஸ்ஸிங்குக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" ஐந்து நிமிடம் இருக்கும். மீதி எல்லாம் ஊற வைப்பதும் சீவுவதும் சுரண்டுவதும்.

டெக்சாஸில் லப்பக் நகரத்து மருத்துவர் ராண்டால் வொல்காட் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வை அவர் எடுத்துச் சொன்னார். படலத்தைச் சுரண்டி எடுத்தபின் மிஞ்சுகிற பாக்டீரியா மறுபடி ஒன்றுகூடிப் பசை சுரந்து பழைய பலத்துக்கு வர ஒன்று முதல் இரண்டு நாள் ஆகிறது. அந்த அவகாசத்தில் அது மருந்துக்குப் பணியும். மூன்றாம் நாள் பழையபடி தலைக்கனம் வந்துவிடும். வெள்ளியும் அயோடினும் பயன்படுவது அந்த ஒன்றிரண்டு நாள் இடைவெளியில். சுரண்டாத புண்ணின் மேல் எவ்வளவு உயர்ந்த துணியைப் போட்டாலும் அது மூடியைத்தான் துடைக்கிறது. ஊற வைக்கும் திரவத்துக்கும் இதே வரம்பு உண்டு. பதினைந்து நிமிடம் ஊற வைப்பது மட்டும் முதிர்ந்த படலத்தை அழிக்காது என்று 2018இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பரிசோதனைச் சாலையிலும் நோயாளிகளிடத்திலும் பார்த்தே சொல்லிவிட்டார்கள். பிறகு எதற்கு ஊற வைக்கிறீர்கள் என்றால், "கத்திக்கு எளக்கிக் கொடுக்கத்தான்," என்கிறார்.

இதற்கும் மேலே ஒரு உண்மை இருக்கிறது. விற்பனைப் பிரதிநிதிகள் அதைச் சொல்வதில்லை, டாக்டரே சொன்னார். நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புண் ஆறுவதற்காகவென்று கிருமிநாசினி டிரெஸ்ஸிங்கைப் போடாதீர்கள் என்கிறது. பிரிட்டனில் 317 நோயாளிகளை வைத்து 2009இல் வெளியான ஆய்வில் அயோடின் துணி, ஜெல்லியாகும் துணி, சாதாரண ஒட்டாத துணி மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஆறுவதில் வித்தியாசமே இல்லை. பரிசோதனைச் சாலையில் பிளாஸ்டிக் தட்டில் ஒரே நாளில் வளர்த்த படலத்தைக் கொன்று காட்டிவிடலாம். ஏழு மாதம் ஒரு மனிதனின் காலில் ஊறிய படலம் வேறு ஜென்மம். கிருமி குறைவதும் புண் மூடுவதும் ஒன்றல்ல.

அப்படியானால் நீங்கள் ஏன் போடுகிறீர்கள்? "எல்லாருக்கும் போடலையே," என்றார். படலம் இருக்கும் என்று சந்தேகப்படுகிற, நன்றாகச் சுரண்டிய புண்ணில், இரண்டு வாரம். அதற்குள் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டுக் காரணத்தை வேறு இடத்தில் தேடுகிறார். மாற்றம் தெரிந்தாலும் நிறுத்திவிட்டுச் சாதாரணக் கட்டுக்கு இறங்குகிறார். நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறைகிறதா என்பதுதான் அவருக்கு அளவுகோல். எனக்கு இது நேர்மையான பதிலாகப் பட்டது. வழிகாட்டுதலை மீறுவதாக ஒருவர் வாதாடலாம். ஆனால் கால எல்லை வைத்து, அளந்து பார்த்துப் போடுவதும், மாதக்கணக்கில் 'வெள்ளி போட்டா ஆறிரும்' என்று எழுதித் தள்ளுவதும் ஒன்றில்லை. இரண்டாவதை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கி வாங்குகிற குடும்பங்கள், ஒரு துண்டை நான்காக வெட்டி ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு தடவை போடுகின்றன.

அன்றைக்குக் கடைசியாக வந்த பரோட்டா மாஸ்டர் விஷயத்தில் இது இன்னும் தெளிவாயிற்று. இருபது வருடமாகச் சாயங்காலத்திலிருந்து நள்ளிரவுவரை கல்லுக்கு முன்னால் நிற்கிறவர். இடது கணுக்காலுக்கு மேல், உட்புறம், சுற்றிலும் தோல் கறுத்துப்போய் உள்ளங்கை அகலத்துக்குப் புண். வெரிகோஸ் புண். கையில் ஒரு பை நிறைய வெள்ளித் துணி வாங்கி வந்திருந்தார், யாரோ எழுதிக் கொடுத்தது. டாக்டர் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து, தமனிகள் நன்றாக இருப்பதை உறுதி செய்துகொண்டார். புண்ணைச் சுத்தம் செய்தார். வெள்ளிப் பையைத் திருப்பிக் கொடுத்தார். சாதாரண ஒட்டாத துணி ஒன்றை வைத்து, அதன்மேல் விரல் இடுக்கிலிருந்து முழங்கால்வரை அடுக்கடுக்காக இறுக்குக் கட்டு.

"அப்ப இந்தத் துணி வேணாமாம்மா? மூவாயிரத்துச் சொச்சம் ஆச்சு."

"கடையில திருப்பி வாங்குவாங்களான்னு கேட்டுப் பாருங்க தம்பி. உங்களுக்கு ரத்தம் மேல ஏற மாட்டேங்குது, கீழேயே தேங்குது. அதை இறுக்கிக் கட்டி மேல ஏத்தணும். வெள்ளியா ஏத்தும்?"

இந்த வகைப் புண்ணுக்கு வெள்ளி டிரெஸ்ஸிங் கூடுதலாக எதுவும் செய்யவில்லை என்று பிரிட்டனில் 213 பேரிடம் நடத்திய வல்கன் ஆய்வு 2009இலேயே சொல்லியிருக்கிறது. மாஸ்டருக்கு அதெல்லாம் ஆறுதலாக இல்லை. கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பரோட்டா வீச முடியுமா என்பதுதான் அவர் கவலை. மாவு பிசைகிற வேலையை உட்கார்ந்து செய்யலாம், கல்லைத் தம்பியிடம் விடலாம் என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

கிளம்பும்போது பின்கட்டில் இருந்த சிறு பட்டறையைக் காட்டினார்கள். செருப்புத் தைக்கிறவர் ஒருவர் அங்கே தனி மேசை போட்டிருக்கிறார். பெரியவரின் கால் அச்சைத் தாளில் வரைந்து, புண் இருக்கும் இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டு, அந்த இடத்தில் பாரம் விழாதபடி ரப்பரைக் குடைந்துகொண்டிருந்தார். எம்.சி.ஆர். ரப்பர்; வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் மரத்துப்போன பாதங்களுக்காகப் பெருவாரியாகச் செய்யப்பட்ட செருப்பின் பொருள். 1946இல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட், அந்தப் பாதங்கள் அழுகுவது நோயால் இல்லை, வலி தெரியாமல் புண்ணின் மேலேயே நடப்பதால் என்று கண்டு, மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தை விலக்கியே புண்களை ஆற்றினார். இன்றைக்குச் சர்க்கரைப் புண்ணுக்கு உலகம் முழுவதும் முதல் வைத்தியமாகச் சொல்லப்படுகிற பாரம் விலக்குதல் அங்கிருந்தெல்லாம் வந்ததுதான். மாவுக்கட்டுப் போடலாம் என்று டாக்டர் பெரியவரிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒண்டியாக இருக்கிறேன், மாடிப்படி ஏற வேண்டும் என்று மறுத்துவிட்டார். அதனால் இப்போதைக்குச் செருப்பு.

அதற்கும் அவர் சுலபத்தில் சம்மதிக்கவில்லை. "இந்தக் கறுப்புச் செருப்பப் போட்டுத் தெருவுல போனா, பெரிய வியாதின்னு நெனப்பாங்கய்யா." தைக்கிறவருக்கு இது பழகிய பேச்சு. மேலே பழுப்புத் தோல் போட்டு, வெளிப்பார்வைக்குக் கடைச் செருப்பு மாதிரியே வார் வைத்துத் தருவதாகச் சொன்னார். கூட இருநூறு ரூபாய் ஆகும். நூற்றைம்பதுக்குப் பேசிக்கொண்டிருந்தார் பெரியவர்.